பன்னிரண்டு கை

எனக்கு நீந்தத் தெரியும் என்று சொல்வதில்
பாதி பொய்.
கரூரில், நாற்பத்தொரு வயதில்,
மாலை ஆறிலிருந்து ஏழு, பெண்கள் நேரம்,
மூன்று மாதம் காசு கட்டிக் கற்றது
பன்னிரண்டு கை.
பதின்மூன்றாவதில்
கால் தானாகத் தரையைத் தேடும்.

பொழியூர் முக்கில் ஆட்டோக்காரரிடம்
இதையெல்லாம் சொல்லவில்லை.
"அமைதியான கடற்கரை வேணும்" என்றேன்.
"சேச்சி ஒற்றைக்கா?" என்று
கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டார்.
கண்ணாடிக்கு மேலே அந்தோணியார்,
அந்தோணியாருக்குக் கீழே, சிவப்பில், செல்சன்.

முதல் கரை அமைதியாகத்தான் இருந்தது.
கவிழ்த்த வள்ளம். அதன் நிழலில் ஒரு நாய்.
மணல் மட்டும் ஓட்டுக்கூரை போலச் சரிந்து இறங்கியது.
இரண்டு எட்டில் முழங்கால்,
மூன்றாவது எட்டு கிடையாது.
அலை அங்கே உடைவதில்லை, விழுகிறது,
லாரியிலிருந்து அரிசி மூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி.
அது திரும்பும்போது
குதிகாலுக்கு அடியிலிருந்த மணலையும் கேட்கிறது.
நான் கத்தினால்
காது தூக்க அந்த நாய் உண்டு.
ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

அடுத்ததில் கருங்கல் கொட்டியிருந்தார்கள்.
கல்லுக்கு நடுவே
யாருடையதோ சமையலறைத் தரை,
நீல டைல்ஸ், பூப்போட்டது,
ஈரம் காயாமல்.
செல்சன் இன்ஜினை அணைக்கவே இல்லை.

மூன்றாவதைப் பார்த்ததும்
இதுதான் என்று தோன்றிவிட்டது.
இடது பக்கம் வெள்ளை நுரை, வலது பக்கம் வெள்ளை நுரை,
நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு
அலையே இல்லை.
இஸ்திரி போட்டு விரித்த தண்ணீர்.
என்னைப் போல ஒருத்திக்காக
யாரோ ஒதுக்கிவைத்ததுபோல.
வாட்சைச் செருப்புக்குள் வைத்தேன்.
கணுக்கால் நனைந்தது.

"எக்கா! அங்கன எறங்காதே!"

நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தவள்.
என் வயதுதான் இருக்கும்.
"அலை இல்லியேன்னு நெனச்சியா?
வெள்ளம் மடங்கிப் போற வழியாக்கும் அது."

நான் நம்பியது என் முகத்தில் போதவில்லை போல.
கிடந்த ஒரு தேங்காய்த் தொண்டை எடுத்து
நடுவில் எறிந்தாள்.
அது அவசரப்படவில்லை.
சொல்லிக்கொள்ளாமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்
வாசல்வரை நடக்கிற நடையில்
போனது.
எண்ணினேன், என்னிடமிருந்த அத்தனையும்,
ஒன்று, இரண்டு, பன்னிரண்டு.
தொண்டு அப்போது
நங்கூரம் போட்ட வள்ளத்தையும் தாண்டியிருந்தது.

அவள் பெயர் பிலோமி.
நெத்திலியைத் திருப்பிப் போட்டபடியே
"பொழிக்குப் போ. இப்ப வாய் மூடிக் கிடக்கு.
மழைக்கு முறியும், அதுவரை கொளந்தான்."

பொழியில்
அமைதி என்று ஒன்றும் இல்லை.
மீன் பெட்டி கழுவுகிற பெண்கள்,
தெர்மாகோல் மூடிமேல் படுத்துக் கால் அடிக்கும் பையன்கள்,
எங்கிருந்தோ டீசல்,
மணல்திட்டுக்கு அந்தப் பக்கம்
கடல் மூட்டை மூட்டையாக விழுகிற சத்தம்.
எந்தப் புகைப்படத்துக்கும் ஆகாத தண்ணீர்,
டீ நிறம்.

இடுப்புவரை இறங்கினேன். இன்னும் தரை.
மார்புவரை. இன்னும் தரை.
படுத்தேன்.
வாயில் வந்தது பாதி ஆறு, பாதி உப்பு.
ஒரு பையன் மூடியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான்.
"நீந்த அறியாமோ?"
மூச்சு வாங்குகையில் சொன்னேன்: "கொஞ்சம்."
"எனக்கும் கொஞ்சம்" என்றான், பெருமையாக.

பதின்மூன்றில் காலை இறக்கினேன்.
சேறு. ஒரு சிப்பி கிழித்தது.
நான்கைந்து பெண்கள் பெட்டிகளிலிருந்து நிமிர்ந்து
நான் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டு
மறுபடி குனிந்தார்கள்.

கரையில் செல்சன் கையை ஆட்டினார்.
நானும் ஆட்டினேன்.
வெயிட்டிங் சார்ஜைத்தான் சொல்லியிருக்கிறார்.
இன்னொரு பன்னிரண்டு, என்று
விரலில் காட்டினேன்.