கேட்டு போட்டுட்டான்

கொருக்குப்பேட்டை கேட்டு போட்டுட்டான்.
ஷேர் ஆட்டோவுல ஏழு பேரு,
எனக்குள்ள இருக்கிறதோட எட்டு.
கூட்ஸ் வண்டி வரப்போவுதாம், இன்னும் காணோம்.

கிளம்பும்போது போயிட்டுத்தான் வந்தேன்.
மூணு மாடி எறங்கினதும் மறுபடியும் முட்டுச்சி.
ஏறிப் போயி உட்கார்ந்தா
ஏழெட்டுச் சொட்டு.
இதுக்கா இவ்ளோ அலப்பறை?
புள்ள தலைய அங்கதான் வெச்சிருக்குன்னு
ஸ்கேன்ல சொன்னாங்க.
தலகாணி இல்லாம தூங்காதுபோல, அவங்கப்பன் மாதிரி.

எம்.சி. ரோட்டுல துணிக்கடை, நைட்டி செக்‌ஷன்.
நாள்பூரா நின்னுக்கினுதான் வேலை.
பாத்ரூம் போனா நோட்டுல எழுதணும்,
போன நேரம், வந்த நேரம்.
ஒரே பக்கத்துல என் பேரு ஒம்போது தடவை.
பிரிசில்லா, பிரிசில்லா, பிரிசில்லா,
இம்போசிஷன் எழுதின மாதிரி.
சூப்பர்வைசர் நோட்ட மூடிட்டு என் வயித்தப் பார்த்தாரு,
ஒண்ணும் சொல்லல.
மறுநாள்லேர்ந்து தண்ணி குடிக்கிறத விட்டேன்.

நாலாவது நாள் எரிச்சல்.
ஆறாவது நாள் குளிர்க்காய்ச்சல்.
"குடிக்காம இருந்தா அடங்கிடும்னு எவ சொன்னா உனக்கு?"
ராயபுரம் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க.
எவளும் சொல்லல மேடம்.
நோட்டு சொல்லிச்சி.

ஒம்போது மாசம் நிக்காம வந்தது
பெத்த அன்னைக்கு வரல.
கல்லு மாதிரி அடிவயிறு.
கொழாயத் தொறந்துவிட்டா சத்தம் கேட்டு வரும்னு நர்சு சொல்ல
ஆயாம்மா தொறந்தாங்க.
கொழாய்ல காத்துதான் வந்துது.
ஒரு மக்குலேர்ந்து இன்னொரு மக்குக்கு
தண்ணிய ஒசத்தி ஒசத்தி ஊத்தினாங்க,
டீ ஆத்துற மாதிரி.
வார்டே சிரிச்சிது. நான் அழுதேன்.
அப்புறம் டியூபு.

வீட்டுக்கு வந்தபொறவு கதை மாறிச்சி.
தும்மினா சொட்டு.
லாரித் தண்ணி புடிச்சி
கொடத்த இடுப்புக்குத் தூக்கினா சொட்டு.
ஞாயித்துக்கிழமை சபையில
எல்லாரும் கைதட்டிக் குதிச்சிப் பாட
நான் மட்டும் கால இடுக்கிக்கினு நின்னேன்.
புள்ள பொறந்ததும் திமிர் வந்துட்டுதுன்னு பேசிக்கிட்டாங்க.

ராத்திரி பாயில ஈரம்.
டிரெய்லர் ஓட்டிட்டு விடியக்காலம் வந்த மனுஷன்
கையால தடவிப் பார்த்தாரு.
"புள்ள போயிடுச்சி"ன்னேன்.
மூணு மாசப் புள்ள. மறுத்துப் பேசாது.
காஞ்ச ஜட்டியோட
என்னையே பார்த்துக்கினு கெடந்துது.

பக்கத்து கவுன்டர் ஜரினாகிட்டதான் வாயத் தொறந்தேன்,
ஸ்டாக் ரூம்ல, அட்டைப்பெட்டிங்க பின்னாடி.
அவ சிரிக்கல.
"ஒவ்வொரு தொழுகைக்கும் ரெண்டு தடவ ஒளு எடுக்கறேண்டி,
சமயத்துல மூணு.
நாலு வருஷமா.
எங்கம்மாக்குக்கூடத் தெரியாது."
நாலு வருஷமா பக்கத்துப் பக்கத்துல நிக்கிறோம்.
சாயம் போவுமா, துணி சுருங்குமா,
அதெல்லாம் பேசியிருக்கோம்.

ரெண்டு பேரும் ஒண்ணாப் போனோம்.
பிசியோ பொண்ணு, ரொம்பச் சின்ன வயசு,
வெக்கப்படாம சொல்லிக் குடுத்தா:
ஒண்ணுக்க நிறுத்துற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கு.
பத்து எண்ணு. விடு. பத்து எண்ணு.
வயித்த எக்காதே, மூச்சப் புடிக்காதே.
மாசக்கணக்கா விடாம செய்யணும்.
எங்க வேணா செய்யலாம்க்கா, யாருக்கும் தெரியாது.

கொருக்குப்பேட்டை கேட்டு போட்டுட்டான்.
டிரைவர் திட்டுறான், பின்னாடி பைக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
கூட்ஸ் வருது.
பத்து பெட்டி இறுக்கு.
பத்து பெட்டி விடு.
கரி, கரி, கரி, டேங்கரு, மறுபடியும் கரி.
எதிர் சீட்டுல ஜரினா
மொகத்துல ஒண்ணும் காட்டாம
அதே பெட்டிங்கள எண்ணுறா.
நாப்பத்தேழுல கணக்கு வுட்டுப்போச்சின்னு
கண்ணாலயே சொன்னா.
சிரிப்பு வந்துட்டுது எனக்கு.
கொஞ்சம் நனைஞ்சிது.
நேத்து இதவிட ஜாஸ்தி.