ஒரு சொல் தள்ளி

கிரிம்ஸ்பி மீன்துறை அலுவலகத்தில்
ஜன்னலைத் திறந்துவைத்துப் பதிவுசெய்திருக்கிறார்கள்.
ஐஸ் கொட்டும் இயந்திரம், லாரி, யாரோ ஒருவரின் சீட்டி,
எல்லாம் ஐரிஸ் ஓட்லிங்கின் காதுக்கு வந்து சேர்கின்றன.

சாட்சி: ட்ரெவர் டௌஸ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.
இறந்தவன்: மின்டௌகஸ். லிதுவேனியாக்காரன்.
பெட்டிகளுக்கு நடுவே குனிந்து
கையுறை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தானாம்.

ஒரு நிமிடப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஆறு நிமிடம்.
பதினெட்டு வருடமாக இதே நாற்காலி.
மேனேஜர் 'மே வெல்' என்றால்
நடந்துவிட்டது, கையெழுத்துதான் போடமாட்டார்.
'குட் பாஸிப்ளி' என்றால்
பக்கத்தில் வக்கீல் உட்கார்ந்திருக்கிறார்.
'மஸ்ட் ஸ்யூர்லி' என்று மேசையைத் தட்டுகிறவருக்கு
ஒன்றும் தெரியாது.
தெரிந்தவருக்கு மஸ்ட்டே தேவைப்படாது.
'ஷுட் ப்ராபப்ளி' என்று போன வருடம் சொன்னவர்
அந்தத் தடுப்புக் கம்பியை இன்னும் மாட்டவில்லை.
வாசலில் இத்தனை பேர் காவல்.
உள்ளே வினைச்சொல் என்னதான் செய்கிறதோ.

ட்ரெவர் தொண்டையைச் செருமுகிறார்.
'ஐ' என்கிறார்.
அப்புறம் ஒரு கடற்காகம்.
அப்புறம், 'ஸீ ஹிம்'.

நடுவில் இருந்தவை இரண்டு சொற்கள்.
எவை என்று தெரிகிறது, கத்தலின் இடுக்கில்
ஒன்றின் வாலும் ஒன்றின் தலையும் நீட்டிக்கொண்டிருக்கின்றன:
குடிண்ட். ரியலி.
எது முன்னால் என்பதை மட்டும்
பறவை கொத்திக்கொண்டு போயிற்று.

ரியலி குடிண்ட்:
சத்தியமாய்த் தெரியவில்லை.
இருட்டு, ஐஸ் புகை,
கடவுளே வந்து நின்றிருந்தாலும் ஏற்றியிருப்பேன்.

குடிண்ட் ரியலி:
அவ்வளவாகத் தெரியவில்லை.
அவ்வளவாக என்றால், கொஞ்சம்.
கொஞ்சம் என்றால் ஒரு தோள்,
மஞ்சள் சட்டையில் ஒரு சாண்,
பிரேக்குக்குப் போயிருக்கவேண்டிய ஒரு கால்.

பின்னுக்கு ஓட்டுகிறாள். பதினேழாவது முறை.
வேகத்தைக் குறைத்தால்
ட்ரெவர் குடித்தவர் மாதிரி இழுக்கிறார்,
கடற்காகம் கன்று ஈனும் பசு.

க்ளைவ் போன காலையில்
லேஸ் கட்டிக்கொண்டே சொன்னது அவளுக்கு நன்றாகக் கேட்டது.
'கான்ட் ஜஸ்ட் ஸ்டே.'
சும்மா இப்படியே இருந்துவிட முடியாது.
ஜஸ்ட் கான்ட் ஸ்டே என்று அவன் சொல்லவில்லை.
அது, இருக்கவே முடியவில்லை.
அதற்கு யாரிடமும் பதில் கிடையாது.
இதற்குப் பதில் இருந்தது.
சும்மா வேண்டாம், வேறு எப்படி இருக்கலாம்
என்று கேட்டிருக்கலாம்.
டோஸ்ட் கருகும் வாடை வந்தது, அணைக்கப் போனாள்.
திரும்பியபோது கதவு மட்டும் இருந்தது.
அந்த ஜஸ்ட் எங்கே உட்கார்ந்திருந்தது என்பது
பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது,
அதுவும் எட்டு மாதம் கழித்து.

பெரில் எட்டிப் பார்க்கிறாள். மணி மூன்று.
'யூ கேன் ஆல்வேஸ் கெஸ்' என்கிறாள்.
எப்போதும் முடியும் என்று அதற்கு அர்த்தமில்லை.
வேறு வழியே இல்லாமல் போனால், என்று அர்த்தம்.
பெரில் கெட்டவள் இல்லை.
அவளுக்கு நாலு மணிக்குள் கோப்பு போகவேண்டும்.

ஐரிஸ் அடிக்கிறாள்:
ஐ. பிறகு, பறவை. பிறகு, ஸீ ஹிம்.
அழிக்கிறாள்.
பறவை இருந்த இடத்தில்
'கேட்கவில்லை' என்று போடுகிறாள்.
நேரம், பதினொன்று நாற்பத்திரண்டு.

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.
அங்கே யாரோ ட்ரெவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
'வுட் யூ ரேதர் ஸ்டாப்?'
ஒரு பெண்குரல்.
பதில் இல்லை.
கண்ணாடித் தம்ளர் மேசையைத் தொடும் சத்தம்
மிகத் தெளிவாக.