ஏழு ஓ

கோரையாற்றுக் கிளையில், மதகை ஒட்டி
ஆளுயர இரும்புப் பெட்டி.
உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, லினக்ஸ்,
போன மாதம் குடிவந்த எறும்புகள்,
நான் எழுதிய நானூறு வரி.

ஐப்பசி மழை. இரவு பதினொன்றேகால்.
லஸ்கர் உத்திராபதி கூப்பிட்டார்.
"மேல கரை தளும்புது மேடம்.
ஓ அழுத்துறேன், ஷட்டர் அசையல."
ஓ என்றால் திற.
ஒரு தட்டுக்கு ஒரு சாண்.
தஞ்சாவூரில் என் மேசைமேல்
ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

"திரையில என்ன தெரியுது?"
"ஓ."
"அப்புறம்?"
"ஓ ஓ ஓ... ஏழு ஓ நிக்குது மேடம்,
எழவு வீடு மாதிரி."
சொல்லிக்கொண்டே, கடுப்பில்,
அந்தப் பெரிய பொத்தானை ஒரு குத்து குத்தியிருக்கிறார்.

ஏழும் சேர்ந்து உள்ளே போயின.
ஏழு சாண் ஏறியது கதவு.
"மேடம்" என்றார்.
அதற்குப் பிறகு போனில் தண்ணீர்தான் பேசியது.

விடியும்வரை தூங்காமல் கண்டுபிடித்தது இவ்வளவுதான்:
ஓ தட்டியதும் என் சுண்டுவிரல்
தன்னால் என்டருக்குப் போய்விடும்.
இத்தனை வருடமாய் எனக்கே தெரியாது.

டெர்மினல் பிறவியிலேயே வரிக்குக் காத்திருப்பது.
வரி முடிகிறவரை எழுத்தைத் தேக்கிவைக்கும்,
தப்பாய் அடித்தால் அழித்துக்கொள்ள இடம் கொடுக்கும்.
கடிதம் எழுதுகிறவனுக்கு அது பெரிய தயவு.
ஆனால் அடித்ததை அடித்தவுடன் காட்டிவிடுகிறது.
காட்டியதைக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.
உத்திராபதி பார்த்த ஏழும்
வாசலில் பட்டுத் திரும்பியவை.
உள்ளே என் நிரல்
ஓர் எழுத்தும் கிட்டாமல் உறங்கிக்கொண்டிருந்தது.

மன்னார்குடி பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ.
சலேத்மேரியின் தாளடி நாற்றங்கால்
எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோல
ஒரே பக்கமாய்ப் படுத்துக்கிடந்தது.
நஷ்டக் கணக்கு சொல்வாள் என்று நின்றேன்.
"எந்தப் பொத்தான்?" என்றாள்.
மடிக்கணினியைத் திறந்து காட்டினேன்.
குனிந்து பார்த்தாள். நகம் அளவுதான்.
"இதுவா?"
அவ்வளவுதான் கேட்டாள். போகவும் இல்லை.

மதகுப் படியில் உட்கார்ந்தேன்.
குடை உத்திராபதி கையில்.
இருந்த அமைப்பை இருந்தபடி
முதலில் எடுத்து வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க.
வரிக்குக் காத்திருக்கும் குணத்தை அணைத்தேன்.
எதிரொலியை அணைத்தேன்.
குறைந்தபட்சம் பூஜ்யம் எழுத்து,
பொறுமை அரை விநாடி.
ஏற்கெனவே வந்து தேங்கியதைக் கொட்டிவிட்டே மாறு என்றேன்.
நிறுத்தும் சாவியில் மட்டும் கைவைக்கவில்லை.

"அழிக்கிற பொத்தான் மேடம்?"
"இனிமே கிடையாது. தொட்டா தொட்டதுதான்."
விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்,
துடைத்த விரலை மறுபடி துடைத்தார்.

ஓ.
திரையில் ஒன்றுமில்லை.
கதவு ஒரு சாண் ஏறி நின்றது.

"நிறுத்துறதையும் பார்த்துருவோம்" என்று
இரண்டு சாவியைச் சேர்த்து அமுக்கினார்.
நிரல் அப்படியே செத்தது.
எடுத்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்க
அந்த வழியில் நான் எழுதியிருக்கவில்லை.
தட்டுகிறேன், தட்டுகிறேன்,
கறுப்புத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"செவிடாப் போச்சா?" என்றாள் சலேத்மேரி.
"இல்ல. காது கேக்குது. வாய்தான் போச்சு."

பார்க்காமல் அடித்தேன்:
எட்டு எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி.
புத்தி தெளி என்று
தமிழில் சொல்லலாம் அந்தக் கட்டளையை.
சரியாய் அடித்தேனா, தெரியாது.
அழித்துப் பார்க்கவும் வழியில்லை.
சுண்டுவிரல், இந்த முறை தெரிந்தே,
என்டருக்குப் போனது.

குடைக்குள் மூன்று தலை, ஒரு திரை.
கீழே ஒரு சாண் தண்ணீர்
கடைமடைக்குப் போய்க்கொண்டிருந்தது.