குளிர்பெட்டிக் கதவில் மகரந்தம்

காலையில் திறக்கும்போது அது பெண்.
மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஆண்.
ஒரே பூதான்.
தன்னைத் தானே சந்திக்காமல்
உதிர்ந்துவிடும்.

அல்முனியேகரில் மலைச்சரிவெங்கும்
செரிமோயாத் தோப்புகள்.
கூலிக்கு ஆள் வைத்து, ரப்பர்க் குமிழால்
பூவுக்குள் மகரந்தம் ஊதுகிறார்கள்.
அந்தப் பழம் சந்தையில் கிடைக்கும்,
கிலோ மூன்று யூரோ.
எங்கள் மொட்டைமாடி மரம் வேறு.

மூன்றாம் மாடி ஸுல்மா
லோஹாவிலிருந்து, ஆண்டீஸ் மலையிலிருந்து,
கைக்குட்டையில் முடிந்து வந்த விதை.
ஆலிவ் எண்ணெய்ப் பீப்பாயில் ஊன்றினாள்.
வாடகை ஏறியதும் பார்சிலோனா போய்விட்டாள்.
"யாராவது தண்ணீர் ஊற்றுங்கள்" என்று
லிஃப்டில் ஒரு காகிதம்.

யாராவது என்பது நான் ஆனேன்.
இலைகள் மஞ்சளாகி, வேர் அழுகத் தொடங்கியபோதுதான்
இன்னொரு யாராவதும் இருப்பது தெரிந்தது.

அவர் ஃபெர்மின். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்,
இரவு எட்டுக்குக் கிளம்புவார்.
நான் ஹோட்டல் சமையலறையில்
மதியம் இரண்டிலிருந்து நள்ளிரவு வரை.
அவருடைய இருமல் எனக்குத் தெரியும்.
முகம் அவ்வளவாகத் தெரியாது.

ஒன்பது வருடம் பூத்தது, உதிர்ந்தது.
எந்த வண்டுக்கு அந்தப் பூ பழக்கமோ
அந்த வண்டு கடல் தாண்டவில்லை.

ஆகவே ஜூன் மாதம்
மாலையில் அவர் ஆண்பூக்களை உதறி
பழைய பிலிம் டப்பாவில் பொடி சேர்ப்பார்.
காவலாளி அறைக் குளிர்பெட்டியில்,
யாருடையதோ இன்சுலினுக்குப் பக்கத்தில் வைப்பார்.
காலை ஏழுக்கு நான் எடுத்துக்கொண்டு ஏறி
கண்மைத் தூரிகையால்
பெண்பூக்களைத் தொடுவேன்.

மூடியில் ஒட்டிய சீட்டில் அவர்:
"செவ்வாய். எட்டுப் பூ. காற்று அதிகம்."
அடியில் நான்:
"தொட்டாயிற்று. ஐந்தா எட்டா, புரியவில்லை.
கொஞ்சம் திருத்தமாக எழுதுங்கள்."
மறுநாள் சீட்டில் எட்டு
ஒரு பனிமனிதன் உயரத்துக்கு இருந்தது.

நூற்று நாற்பது பூ தொட்டதில்
ஒன்பது பிஞ்சு.
கிழக்குக் காற்றுக்கு ஆறு. எலிக்கு இரண்டு.
மிஞ்சியதற்கு என் நைலான் காலுறையை மாட்டி
கிளையோடு கட்டினேன்.
நான்காம் மாடிக்காரர்
மாடியில் யாரோ காலைத் தொங்கவிட்டிருப்பதாகப்
புகார் எழுதினார்.

நவம்பரில் செதில்களுக்கு நடுவே
பச்சை வெளிறியது. அறுத்தேன்.
மூன்றாம் நாள் கட்டைவிரல் லேசாக அமுங்கியது.
சீட்டில் எழுதினேன்:
"நாளை காலை ஏழு. பழம் காத்திருக்காது."

வந்தார். சட்டைக்கையில் அயோடின் கறை,
கண்ணில் தூக்கம்.
மாடிப்படியில் நின்றபடியே
ஆளுக்கொரு கரண்டி.

வெண்ணெய்போல வழவழப்பு,
பேரிக்காயை நினைக்கும் முன்பே அன்னாசி,
அதற்குள் அதுவும் போய்
தோலோரம் நறநறவென்று மணல்.
விதைகள் அறுபத்து மூன்று;
எண்ணினேன், பேச்சு இல்லாததால்.

"சந்தைப் பழம் இதைவிட நன்றாயிருக்கும்" என்றார்.
உண்மை என்பதால் கோபம் வந்தது.
சொன்னவர்தான்
தோலை உட்புறம் காகிதமாகும்வரை சுரண்டினார்.

ஸுல்மாவுக்குப் படம் அனுப்பினேன்.
இரண்டு வாரம் கழித்துப் பதில்:
"நியெவேஸ், சொல்ல வெட்கமாயிருக்கிறது.
லோஹா விதை முளைக்கவேயில்லை.
அது உங்கள் ஊர்ச் சந்தைப் பழத்தின் விதை.
அதுவும் அழுகல் பழம்,
சும்மா கொடுத்தார்கள்."

காலை வேளை.
மேலே போய்ப் பீப்பாயைப் பார்த்தேன்.
சாம்பல் நிறப் பட்டை, நாலைந்து இலை,
கிளையில் இன்னும் காலுறை.
தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

மறுபடி ஜூன்.
குளிர்பெட்டிக் கதவில் டப்பா,
மூடியில் சீட்டு:
"திங்கள். லோஹா, ஐந்து பூ."
இப்போதெல்லாம் அவர் அப்படித்தான் எழுதுகிறார்,
ஏதோ பெண்ணின் பெயர்போல.

எட்டா ஐந்தா என்று கேட்கவில்லை.
தூரிகையைக் கழுவி உதறிக்கொண்டு
மாடி ஏறினேன்.