நீலமா, மஞ்சளா

ஆரல்வாய்மொழி தாண்டி, ஆடிக் காற்றின் வாயில்
வண்டியை ஓரம் கட்டியபோது
பால் பாக்கெட் தலையணைபோல் உப்பியிருந்தது.
தேங்காய்ப்பட்டணத்தில் வாங்கிய நெய்மீன்
சொல்ல வேண்டியதை மூக்கிடம் சொல்லிவிட்டது.
வெண்ணெய், எண்ணெய்.
இவற்றுக்கு நடுவே
தீப்பெட்டியளவு அட்டைக்குள் இரண்டு குப்பி,
என் கண்ணுக்கான சொட்டு மருந்து,
குளிரில் வைக்கவும் என்று எழுதியது.

டெம்போவை வீடாக்கிய நாளில்
இந்த ஃபிரிட்ஜை நான்தான் கேட்டு வாங்கினேன்.
மோட்டார் இல்லை, முனகல் இல்லை.
கீழே அகல்விளக்களவு கேஸ் தீ,
மேலே பனி.
தீ மூட்டிக் குளிர வைக்கிற பெட்டியா என்று
ததேயு சிரித்தார்.
"உனக்க சொபாவந்தான் அதுக்கும்."

பதினெட்டு வருசம் தக்கலையில் அடுப்பு ரிப்பேர்.
கை ஒன்றையும் மறக்கவில்லை.
பார்வைதான் ஓரங்களிலிருந்து சுருங்கி
ஒரு ரூபாய் வட்டத்துக்கு வந்து நிற்கிறது.
வெயிலில் சின்னத் தீ அதில் சிக்குவதில்லை.
ஆகவே அவர் குப்புறப் படுத்தார்,
சரளையில், சலவை வேட்டியோடு.

முதலில் சிலிண்டர். தூக்கிப் பார்த்தேன், பாதி கிடக்கிறது.
மூட்டுகளில் சோப்பு நுரை. குமிழ் எழவில்லை.
பொத்தானை அழுத்தி முப்பது எண்ணி விட்டேன்.
தீ அணையவில்லை, அப்படியானால் தெர்மோகப்பிள் நல்லது.
முகர்ந்தேன். அம்மோனியா நெடி இல்லை.
அது வந்திருந்தால் பெட்டி காயலான் கடைக்குத்தான்.

பிறகு மட்டம்.
தட்டில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தேன்.
மலைப்பக்கம் மேடு; தண்ணீர் ரோட்டுப் பக்கம் ஒதுங்கியது.
சாய்ந்து நின்றால் குழாய்க்குள் திரவம்
திரும்பி வர வழி தெரியாமல் தேங்கிவிடும்.
இடது சக்கரத்தின்கீழ் பனங்கட்டை,
போதாமல் இன்னொன்று,
அதுவும் போதாமல்
போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், நாலாய் மடித்து.

"தீ எப்படி இருக்கு?"
"இருக்கு."
"அது தெரியும். நிறம்?"
"வெட்டமாட்டு இருக்கு."
"நீலமா, மஞ்சளா?"
நெடுநேரம் பார்த்தார்.
இத்தனை வருசக் கல்யாணத்தில்
என்னை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.
"அடியில கொஞ்சம் நீலம். மேல மஞ்ச நாக்கு.
கடன் கேக்க வந்தவன் மாதிரி
குனிஞ்சு குனிஞ்சு நிக்கு."

மஞ்சள் என்றால் மூச்சு முட்டுகிறது.
அணைத்து, ஆறவிட்டு, பர்னர் குழாயைக் கழற்றி
உள்ளங்கையில் தட்டினேன்.
விழுந்தது வலை,
பஞ்சில் பொதிந்த முட்டைப் பை,
அப்புறம் அவள், எட்டுக் காலையும் மடித்துக்கொண்டு.
கேஸ் வாசனைக்குச் சிலந்திகள் ஆசைப்படும்.
அடுப்புக்காரிகளுக்கு இது தெரியும்.
பையை வேலிச் செடியில் வைக்கச் சொன்னேன்.
ஊசியோடு திரும்பி வந்தார், கையைத் தட்டிவிட்டேன்.
ஊசி நுழைந்தால் ஜெட்டின் துளை பெருக்கும்,
அப்புறம் ஆயுசுக்கும் மஞ்சள்.
ஸ்பிரிட்டில் முக்கி, வாயால் ஊதி, வெயிலுக்குக் காட்டி,
"துளை தெரியுதா?"
"பொட்டுப்போல ஒரு வெட்டம்."

மாட்டிய பிறகு, காற்று.
தலைக்கு மேலே காற்றாலைகள்
எங்கோ யாருக்கோ மின்சாரம் சுற்றிக்கொண்டிருக்க
அதே காற்று எங்கள் அரையங்குலத் தீயை
மூன்று முறை ஊதி அணைத்தது.
நாலாம் முறை பற்றியதும் அவர்
தகட்டுக்கு முன்னால் முதுகை மறைப்பாக வைத்து
உட்கார்ந்துவிட்டார்.
"எவ்வளவு நேரம்?"
"நாலு மணிக்கூர்."
தோவாளைக்குப் போய் ஐஸ் வாங்கலாமே என்றார்.
வண்டி நகர்ந்தால் மட்டம் போகும் என்றேன்.

மீன் பருந்துகளுக்குப் போனது.
குப்பிகளை ஈரத் துணியில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டேன்,
காற்று தன் பங்குக்கு அதையாவது ஆற்றட்டும் என்று.

எட்டு மணிக்கு உள்ளே கைவிட்டேன்.
மேல் தகட்டில் விரல்நுனி
ஒட்டி விலகியது.
குப்பிகளை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு
ஜன்னல் வழியாகக் கேட்டேன், தேவையில்லாமல்,
"நீலமா?"
"நீலந்தான்" என்றார், திரும்பாமல்.
அப்புறம் திரும்பிப் பார்த்து,
"ஆமா. நீலம்."