பாதிவழியில் நின்ற பெட்டி

ஆண்டவரே,
இன்றும் மெழுகுவர்த்தி வாங்கினேன்.
கொளுத்தவில்லை.
கோட்டுப் பையில், என் உடம்புச் சூட்டில்
இளகி வளைந்து கிடக்கிறது.

ஜும்பெருக்காகப் பதினோரு மாதம் கேட்டேன்.
மாங்கனீசுச் சுரங்கத்தின் கூரை அவன் இடுப்பில் விழுந்த அன்று
எழுந்து நடக்கட்டும் என்றேன்.
செர்ரி பூத்தபோது, உட்கார்ந்தால் போதும் என்றேன்.
திராட்சை அறுப்பு முடிந்து தெருவெல்லாம் புளித்து மணந்தபோது
கஞ்சி தொண்டையில் இறங்கினால் போதும் என்று
விலையை நானே குறைத்துக்கொண்டே வந்தேன்,
பொழுது சாயும் நேரத்துச் சந்தைக்காரியைப் போல.
நீர் ஒரு விலையும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் புதைத்தோம்.
மண் உறைந்து கிடந்தது.
கடப்பாறை இரவல் கேட்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்கள்.

"அவருக்கு ஒரு திட்டம் இருக்கும், நாசிப்ரோலா"
என்றாள் மருந்துக்கடை எதேரி.
அவள் கொண்டுவந்த ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.
திட்டத்தை வாசலிலேயே விட்டுவிட்டேன்.

இன்று இரண்டரை மணிக்கு மின்சாரம் போனது.
மேலே ஏறிக்கொண்டிருந்த என் ரோப்கார்
க்விரிலா ஆற்றுக்கு மேல் நடுவானில் நின்றது.
உள்ளே நான்,
வால்நட் மூட்டையோடு ஒருவர்,
பள்ளிப்பையை நெஞ்சோடு அணைத்த ஒரு சிறுமி.
"கம்பி அறுந்துவிடுமா?"
அறாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"தெரியாது கண்ணே. நான் பிறக்கும் முன்பிருந்து தொங்குகிறது."
அவள் அதை யோசித்தாள்.
பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேல்நிலையத்தில் ஒரு கைச்சக்கரம் உண்டு.
வாஜா சுற்றினால் பெட்டி முழம் முழமாக ஏறும்.
அவன் அங்கே இருக்கிறானா, தெரியாது.
கூப்பிட்டால் கேட்காது. மூடுபனி வேறு.
கூரைத் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
மெல்லிய அதிர்வு.
"வாஜாதான்" என்றார் மூட்டைக்காரர்.
காற்றாகவும் இருக்கலாம்.
நான் கையை எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கினோம்.
வாஜாவின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது.
"மன்னித்துவிடு அக்கா, சாப்பிடப் போயிருந்தேன்.
கடைசி இருபது நிமிடம்தான் சுற்றினேன்."

அப்படியானால் முதலில் நான் தொட்டது காற்று.

சரி.
நீரும் சாப்பிடப் போயிருந்தீரா?
அந்தப் பதினோரு மாதத்தையும் உம் முன்னால் வைத்துக் கேட்கிறேன்.
பதில் வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன்.
வேண்டும்.
ஆனால் கேட்பதற்கு வேறு யாரிடமும் போகவில்லை,
அதையும் குறித்துக்கொள்ளும்.

ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தது.
கீழே, ஷிப்ட் முடிந்த ஆட்கள் காத்திருப்பார்கள்,
புருவம்வரை கறுப்புத் தூசியோடு.
ஜும்பெர் வயதில் நாலைந்து பேராவது இருப்பார்கள்.
காலிப் பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன்.
மணியை இருமுறை அடித்தேன்.
பத்தடிக்கு அப்பால் கம்பி பனிக்குள் போய்விடுகிறது.

மெழுகுவர்த்தி பையில்தான் இருக்கிறது.
உடையவில்லை.
நாளைக்கு நிமிர்த்திப் பார்க்கலாம்.