அடுத்த கப்பல்

பதினேழு பக்கங்களின் நெற்றியிலும்
அந்த வரியை ஒட்டியவள் நான்தான்.
'அடுத்த கப்பல்: இத்தனை மணி, இந்தத் துறை.'
வெட்டு, ஒட்டு. வெட்டு, ஒட்டு.
அன்றைக்கு அது வேலை மாதிரியே இருந்தது.

டோர்ஸ்ஹாவ்னில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே
நாள் முழுக்க மீன்பெட்டி இழுபடும் சத்தம்.
மேலே நான், யாஸ்பர்,
பாதி நாள் முனகும் காப்பி எந்திரம்.
பயணச்சீட்டுப் பக்கம் தன் கப்பலைத் தானே தேடும்.
வானிலைப் பக்கம் தனியாகத் தேடும்.
வாகனக் கட்டணம், நாய்க் கட்டணம்,
சக்கர நாற்காலிக்கு முன்பதிவு,
வீட்டுக்கொரு கிணறு வெட்டிக்கொண்ட தெரு.

'ரத்து' என்றொரு நிலை உண்டு என்பதே
காற்று திரும்பிய நவம்பரில்தான் உறைத்தது.
கிணறு கிணறாக இறங்கிச் சேர்த்தேன்.
பதினாறில் சேர்த்தேன்.
மிச்சம் ஒன்று, தொலைந்த பொருட்கள்.
அங்கே போய் யார் நேரம் பார்ப்பார்கள்?

சுன்னுவா பார்த்தாள்.
தெற்குத் தீவில், மகனின் இடது கையுறையைத் தேடித் திறந்தவள்
தலையை நிமிர்த்தினாள்: 17.40.
மழையில் வண்டியோட்டித் துறைக்கு வந்தாள்.
விளக்கில்லை. வரிசையில்லை.
கொடிக்கம்பத்தில் கயிறு மட்டும்
யாரையோ கூப்பிட்டபடி அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த கடிதத்தில் கோபம்கூட இல்லை.
'கப்பல் இல்லை. கையுறையும் இல்லை.
இரண்டில் ஒன்றாவது கிடைக்குமா?'

அன்றிரவு பதினேழையும் பிடுங்கினேன்.
ஒரே துண்டு, ஒரே பெயர், ஒரே கோப்பு.
எல்லாப் பக்கத்திலும் அதைக் கூப்பிட்டேன்.
வந்தது,
வெறுங்கட்டமாக.
சட்டம் வந்துவிட்டது, படம் வரவில்லை.
வாயில் ரொட்டியோடு யாஸ்பர் எட்டிப் பார்த்தான்:
"பக்கம் ஊட்டிவிடும்னு உட்கார்ந்திருக்கு.
அதுக்கே ஒரு கை கொடு."

கொடுத்தேன்.
இப்போது எந்தப் பக்கத்தில் இறங்கினாலும்
அந்த வீட்டுச் சோற்றுக்கு அது நிற்பதில்லை.
தானே போய்த் துறையைக் கேட்கிறது.
கேட்டதை அரை நிமிடம்
மடியில் முடிந்துகொள்கிறது,
அடுத்தவர் கேட்டால் அவிழ்க்க.
முகப்பில் கொட்டை எழுத்து,
நாய்க் கட்டணத்தில் பொடி எழுத்து,
அச்சுக்குப் போகையில் நிறம் கழற்றிய உடம்பு.
சொல் மட்டும் ஒன்று.

நிம்மதி என்று சொல்லத்தான் ஆசை.
முன்பு பொய் ஒரு மூலையில் கிடந்தது.
இனி நான் ஓர் எழுத்துத் தவறினால்
பதினேழு வாயும் ஒரே குரலில் பொய் சொல்லும்.
படுக்கப் போகுமுன் கைப்பேசியில்
ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.
யாஸ்பருக்குத் தெரியாது.

கையுறை மார்ச்சில் கிடைத்தது.
வண்டித் தளத்தில், ஓர் இரும்பு வளையத்தின் அடியில்:
நீலம், இடது, கட்டைவிரலில் ஓட்டை.
படமெடுத்துப் பக்கத்தில் ஏற்றினேன்.
அதன் தலைக்கு மேல் என் துண்டு
நான் ஏதும் சொல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தது:
'இன்று ரத்து. நாளை காலை 7.00.'

மறுநாள் முதல் கப்பலில் இறங்கினாள்.
கையுறையை வாங்கிப் பையில் வைத்தவள்,
பையன் கை இந்தக் குளிர்காலத்தில்
வளர்ந்துவிட்டது என்றாள்.